டோக்கைமுராவைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எந்த வழி? மதுரை எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு பதிய வேண்டிய நேரம் இது. மதுரைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த முறை ஒரே விஷயத்தைக் கேட்டு வருகிறார்கள்: அணுக்கரு மாறுநிலை விபத்து ஒன்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். கல்பாக்கத்திலோ மும்பை டிராம்பேயிலோ உள்ள அணு ஆய்வு மையங்களுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ஹாஸ்டல் அறையில் இருக்கும் மடிக்கணினி போதும். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் வழிகள் பல. ஒரு செமஸ்டருக்குள் முடியக்கூடியது எது, முடித்தபின் எக்ஸ்டர்னல் முன்னால் நின்று தைரியமாகப் பேசக்கூடியது எது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் விபத்து என்னவென்று தெளிவாகிவிடட்டும். அணுகுண்டு வெடிப்பதும் இது அல்ல, அணு உலை உருகுவதும் அல்ல. பிளவுறும் பொருள் போதுமான அளவில், பொருந்தாத வடிவத்தில் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் தொடர்வினை யாரும் கேட்காமலே பற்றிக்கொள்கிறது. அப்படித் தொடர்வினை தானே நீடிக்கும் நிலைதான் மாறுநிலை. நீர்க்கரைசலாக இருந்தால் யுரேனியம்-235 ஏறத்தாழ 800 கிராம், புளூட்டோனியம்-239 ஏறத்தாழ 500 கிராம் இருந்தாலே அதற்கு வாய்ப்பு உண்டு. லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2000-ல் வெளியிட்ட தொகுப்பில் இப்படிப்பட்ட 60 விபத்துகள் பதிவாகியுள்ளன. 38 ஆய்வு உலைகளிலும் சோதனைகளிலும் நடந்தவை. 22 எரிபொருள் பதப்படுத்தும் இடங்களில் நடந்தவை. அந்த 22-ல் 21 கரைசலிலோ கூழிலோ நடந்தன. ஆகவே கரைசலைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

கரைசல் விபத்துகளில் எல்லோரும் கேட்பது ஜப்பானின் டோக்கைமுராவை. 1999 செப்டம்பர் 30, காலை 10.35. 18.8 சதவீதம் செறிவூட்டிய யுரேனியத்தின் நைட்ரேட் கரைசலை ஊழியர்கள் வாளியில் எடுத்து வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொட்டிக்கான வரம்பு 2.4 கிலோ யுரேனியம். உள்ளே சேர்ந்ததோ 16 கிலோவுக்கு மேல். கரைசல் போக வேண்டியது ஒல்லியான, உயரமான ஒரு பாத்திரத்துக்கு. அதில் நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பிப் போய்விடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, சுமார் 45 செ.மீ. விட்டமுள்ள அகலத் தொட்டியில் ஊற்றினார்கள். போதாக்குறைக்கு அந்தத் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் உறை வேறு. வெளியேறப் பார்த்த நியூட்ரான்களை அந்தத் தண்ணீர் உள்ளே திருப்பி அனுப்பியது. தொடர்வினை ஏறக்குறைய 20 மணி நேரம் விட்டுவிட்டு உயிர்பிழைத்துக்கொண்டே இருந்தது. ஊழியர்கள் முறைவைத்து, சில நிமிடங்கள் மட்டும் நெருங்கிப் போய் உறைநீரை வடித்த பிறகே அடங்கியது. பிறகு போரிக் அமிலம் சேர்த்தார்கள். தொட்டிக்கு அருகில் இருந்த இருவர் இறந்தார்கள். ஒருவர் 83 நாள் மருத்துவமனையில் கிடந்து டிசம்பரில், மற்றவர் 2000 ஏப்ரலில்.

மொத்தம் நடந்த பிளவுகள் சுமார் 2.5×10¹⁸. ஒரு பிளவுக்கு 3.2×10⁻¹¹ ஜூல் என்று பெருக்கினால் 8 கோடி ஜூல் வரும். நம் வீட்டு மின் மீட்டரில் அது வெறும் 22 யூனிட். இந்த எண்ணைப் பார்த்து மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள், திகைக்கத்தான் வேண்டும். இரண்டு உயிரை எடுத்தது வெப்பம் அல்ல. அந்தப் பிளவுகளோடு பாய்ந்த நியூட்ரானும் காமாக்கதிரும்.

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அந்த இருவரின் முடிவு முதல் சில கணங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது. தொடர்வினை பற்றியபோது தெரிந்த ஒளியைப் பார்த்ததும் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆலையைச் சுற்றி 350 மீட்டருக்குள் குடியிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 161 பேர். அவர்களைப் பொறுத்தவரை கணக்கில் வருவது முதல் துடிப்பு, அதாவது தொடர்வினை பற்றியதும் எழுந்த முதல் வீச்சு அல்ல, அதற்குப் பின் இழுத்துக்கொண்டே போன மணிநேரங்கள். உங்கள் ப்ராஜெக்ட் யாருக்காகக் கணக்குப் போடுகிறது? ஊழியருக்கா, ஊராருக்கா, அல்லது இப்படி ஒரு தொட்டியை வடிவமைக்கும் பொறியாளருக்கா? மூன்றுக்கும் வழி வேறு.

பேனாவும் பேப்பரும்

எல்லோரும் தாண்டிப் போகும் வழி இது. பிரான்ஸில் வால்டுக் மையத்தில் நடந்த கிராக், சிலீன் சோதனைகளில் வேண்டுமென்றே கரைசலை மாறுநிலைக்குக் கொண்டுபோய் அளந்தார்கள். அவற்றிலிருந்தும் நடந்த விபத்துகளிலிருந்தும் கிடைத்த ஒரு பட்டறிவு: முதல் துடிப்பில் லிட்டருக்கு ஏறத்தாழ 10¹⁵ பிளவுகள். டோக்கைமுராவில் லிட்டருக்கு 370 கிராம் யுரேனியம் என்று வைத்தால் கரைசல் சுமார் 45 லிட்டர். முதல் துடிப்பு 4.5×10¹⁶ பிளவுகள். மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது 2 சதவீதம்கூட வராது. இரண்டு வரிக் கணக்கு. ஆனால் முதல் துடிப்பை மட்டும் உருவகப்படுத்துகிறவர் ஊராருக்கான கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்று காட்டிவிடுகிறது. இதைத் தனி ப்ராஜெக்ட்டாக எடுக்க முடியாது. ஆனால் எந்த வழியில் போனாலும் முதல் அத்தியாயத்தில் இது இருக்க வேண்டும். கணினி 10¹⁹ என்று பதில் தந்தால், எங்கோ தப்பு என்று உடனே தெரிய இதைவிட நல்ல காவல் இல்லை.

பாயின்ட் கைனெடிக்ஸ்

தொட்டி முழுவதையும் ஒற்றைப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, நியூட்ரான் எண்ணிக்கை நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று மட்டும் பார்ப்பது. நியூட்ரான்களுக்கு ஒரு சமன்பாடு, பிளவோடு உடனே வராமல் சற்றுப் பின்னால் வரும் தாமத நியூட்ரான்களின் ஆறு குழுக்களுக்கு ஆறு, வெப்பநிலைக்கு ஒன்று, குமிழிக்கு ஒன்று. பைத்தானில் நூறு வரிக்குள் அடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், காரணம் இயற்பியல் இதில் கண்ணெதிரே நடக்கிறது. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் 0.65 சதவீதம் மட்டுமே தாமதமாக வருகின்றன. அவற்றைத் தரும் குழுக்களின் அரை ஆயுள் 0.2 விநாடியிலிருந்து 55 விநாடி வரை. ரியாக்டிவிட்டி, அதாவது மாறுநிலையை எவ்வளவு தாண்டியிருக்கிறோம் என்ற அளவு, இந்த 0.65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை திறன் விநாடிக் கணக்கில் நிதானமாக ஏறும். அதற்கு மேலே இன்னும் 0.5 சதவீதம் ஏறட்டும். தலைமுறைக் காலம், அதாவது ஒரு நியூட்ரான் பிறந்து அடுத்த நியூட்ரான் பிறக்கும்வரை ஆகும் நேரம், 5×10⁻⁵ விநாடி என்று வைத்தால், ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு விநாடிக்கும் திறன் 2.7 மடங்காகும். பத்தில் ஒரு விநாடிக்குள் 22 ஆயிரம் மடங்கு. மனிதக் கை எதையும் நிறுத்த முடியாத வேகம் அது. நிறுத்துவது கரைசலே: சூடேறி விரிகிறது, கதிர்வீச்சால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன, நியூட்ரான்கள் கசிகின்றன, துடிப்பு அடங்குகிறது. குமிழி மேலேறி வெளியேறியதும் மறுபடி ஒரு துடிப்பு. வரைபடத்தில் அந்த ஏற்ற இறக்கம் தானாக உருவாகி வருவதை ஒரு மாணவி முதல் தடவை பார்த்தபோது, "சார், நான் இதை எழுதவே இல்லையே, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அவள் எழுதிய சமன்பாட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

ஒரு நடைமுறைத் தடை. இந்தச் சமன்பாடுகளில் நேர அளவு மைக்ரோ விநாடியிலிருந்து நிமிடம் வரை விரிகிறது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ரன்கே-குட்டாவை அப்படியே போட்டால் நிரல் நகராது. இல்லையென்றால் எண்கள் கண்டபடி ஊசலாடும். பைத்தானின் சைபை நூலகத்தில் இருக்கும் ராடாவ் முறையைப் பயன்படுத்துங்கள். துடிப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் படி அளவு தானே சுருங்கும்.

நிரல் சரியா என்று பார்க்கவும் நல்ல வழி உண்டு. தாமத நியூட்ரான்களை அணைத்துவிட்டு, ரியாக்டிவிட்டியை ஒரே வீச்சில் ஏற்றி ஓட்டுங்கள். இதற்கு நார்ட்ஹைம்-ஃபுக்ஸ் தீர்வு கையாலேயே வரும்: ஏற்றிய உபரி ரியாக்டிவிட்டியை ஈடுகட்ட எவ்வளவு வெப்பநிலை உயர்வு தேவையோ, அதைப்போல் இரண்டு மடங்கு உயர்ந்தபின் துடிப்பு முடியும், உச்சத் திறன் உபரியின் இருமடிக்கு ஏற்ப ஏறும். உங்கள் நிரல் இந்த இரண்டையும் காட்டாவிட்டால் மேலே போகாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. வெப்பநிலைக்கு எவ்வளவு, குமிழிக்கு எவ்வளவு என்ற குணகங்களை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். நிரலுக்குத் தொட்டியின் வடிவம் தெரியாது, உறைநீர் இருப்பதும் தெரியாது. இன்னொன்றும் உண்டு, மாணவர்கள் யாரும் யோசிப்பதில்லை. தொடர்வினையைத் தொடங்கிவைக்க ஒரு நியூட்ரான் வேண்டும். யுரேனியக் கரைசலில் அது அரிதாகவே பிறக்கிறது. அது வரத் தாமதமானால் அதற்குள் இன்னும் கொஞ்சம் கரைசல் விழுந்துவிடும், துடிப்பு பெரிதாகும். அதே வாளி, அதே வேகம், இரண்டு முறை ஊற்றினால் இரண்டு வேறு முடிவு வரலாம். இந்தக் காத்திருப்பு நேரத்தின் கணக்கை ஹான்சன் என்பவர் 1952-லேயே போட்டுவிட்டார். அதைச் சேர்த்து ஆயிரம் முறை ஓட்டி, முடிவுகளின் பரவலைக் காட்டினால் ப்ராஜெக்ட் ஒரு படி உயரும்.

மான்டே கார்லோ

இங்கே ஒவ்வொரு நியூட்ரானையும் தனித்தனியே பிறக்கவைத்து, மோதவைத்து, சாகும்வரை பின்தொடர்கிறோம். தொட்டியின் உண்மை வடிவம், உறைநீர், கரைசலின் உயரம் எல்லாம் உள்ளே வரும். விடை ஒரே எண்: கே மதிப்பு, ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்பது. தொட்டி வடிவமைப்பவரின் கேள்விக்கு இதுதான் பதில்.

எந்த மென்பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லாஸ் அலமோஸின் எம்சிஎன்பி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தாண்டி உரிமம் வாங்குவதற்குள் செமஸ்டர் போய்விடும். ஓப்பன்எம்சி எம்ஐடியில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதனுள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவ வேண்டியிருக்கும். அணுக்கருத் தரவுத் தொகுப்பு சில ஜிபி வரும். ஹாஸ்டல் வைஃபையை நம்பாமல் துறையின் லேபில் இறக்குங்கள்.

பயிற்சிக்குக் கொடிவாவில் தொடங்குங்கள். லாஸ் அலமோஸில் இருந்த மேலுறை இல்லாத யுரேனியக் கோளம் அது: ஆரம் 8.74 செ.மீ., எடை 52.42 கிலோ. உலகம் முழுக்க எல்லா நிரல்களும் உரசிப் பார்க்கும் உரைகல் இது. கே மதிப்பு 1.000, பிழை 0.001. இது வராவிட்டால் உங்கள் நிறுவலில் ஏதோ கோளாறு.

பிறகு கரைசலுக்கு வாருங்கள். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தண்ணீரோடு பிணைந்த ஹைட்ரஜனுக்கென்று தனியாக வெப்பச் சிதறல் தரவு இருக்கிறது. அதைச் சேர்க்க மறந்தாலும் நிரல் ஓடும், எச்சரிக்கைகூட வராது, விடை மட்டும் தப்பாக வரும். அடுத்து, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனும் நியூட்ரானை விழுங்குகிறது. அதை விட்டால் கே மதிப்பு கூடுதலாகக் காட்டும்.

நேரம் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மான்டே கார்லோவின் பிழை, நியூட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும்; பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்ட வேண்டும். பத்து லட்சம் நியூட்ரான் ஓட்டினால் பிழை 0.001-ஐ ஒட்டி நிற்கும். கே மதிப்பு 1-ஐச் சுற்றி இருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் வெப்பநிலை சில டிகிரி ஏறினால் கே எவ்வளவு இறங்கும் என்று கேட்டால், அந்த மாற்றமே 0.001 அளவில்தான் இருக்கும். பிழையும் அதே அளவு. விடை கிடைத்த மாதிரி இருக்கும், கிடைத்திருக்காது. பத்துக் கோடி ஓட்டினால்தான் நம்பலாம். மடிக்கணினியில் ஓர் இரவு வேலை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைநிலைக் கோப்பை எழுதும்படி அமைத்துவிட்டால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதன் பெரிய குறை, நேரம் என்பதே இதில் கிடையாது. தொட்டி மாறுநிலையைத் தாண்டுமா என்று சொல்லும். தாண்டியபின் என்ன நடக்கும், எத்தனை பேருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று சொல்லாது. நியூட்ரான் பாயத்தின் வண்ணப் படங்கள் அழகாக வரும். "சார், இதை அட்டையில போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். போட்டுக்கொள்ளட்டும். ஆனால் விபத்தைக் காட்டும் படம் என்று அதன் கீழே எழுதக் கூடாது. விபத்து தொடங்குவதற்கான நிலைமையை மட்டுமே அந்தப் படம் காட்டுகிறது.

எல்லாம் சேர்ந்தது

நியூட்ரான், வெப்பம், திரவ ஓட்டம், குமிழி எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் நிரல்களும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபெட்ச் அப்படிப்பட்டது. 1958 டிசம்பர் 30 அன்று லாஸ் அலமோஸில், கலக்கியை இயக்கியதும் திரவம் சுழன்று அதன் வடிவம் மாறியதாலேயே ஒரு தொட்டி மாறுநிலைக்குப் போனது. இயக்கியவர் 35 மணி நேரத்தில் இறந்தார். அந்த மாதிரி விபத்துக்குத் திரவ ஓட்டம் இல்லாமல் பதில் இல்லை. ஆனால் அது பிஎச்.டி.க்கும் குழுவுக்கும் உரிய வேலை. எம்.எஸ்சி.யில் தொடங்கினால் அரைகுறையாக நிற்கும்.

என் தேர்வு

தனியாகச் செய்கிறவர் பாயின்ட் கைனெடிக்ஸை எடுக்கட்டும். குணகங்களை வெளியான கட்டுரைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டோக்கைமுராவுக்கு நேராகப் போக வேண்டாம். அங்கே முதல் துடிப்பை நேரடியாக அளந்த கருவி இல்லை. பிளவுகளின் எண்ணிக்கையே பின்னால் கரைசலை ஆய்ந்து மதிப்பிட்டது. முதலில் சிலீனையோ ஜப்பானின் டிரேசி உலையையோ எடுங்கள். அவற்றில் ரியாக்டிவிட்டி தெரியும், திறன் வரைபடம் விநாடி விநாடியாக அளக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கோடும் அளந்த கோடும் ஒரே தாளில் விழும்போது எவ்வளவு விலகுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வழியை நான் மேலே வைப்பதற்குக் காரணமே இதுதான்: நம் கணக்கு தப்பென்று காட்டக்கூடிய அளவீடு கையில் இருக்கிறது. அதன் பிறகு டோக்கைமுராவுக்குப் போனால், விடையோடு பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

இருவர் சேர்ந்து செய்தால் நிலைமையே வேறு. ஒருவர் ஓப்பன்எம்சியில் குணகங்களைக் கணக்கிட்டுக் கொடுக்க, மற்றவர் அவற்றை நேரச் சமன்பாட்டில் போடலாம். அப்போது உறைநீரும் கதைக்குள் வந்துவிடும். சூடேறிய, குமிழி நிறைந்த கரைசலில் உறைநீரை எடுத்துவிட்டு ஓட்டினால் கே மதிப்பு 1-க்குக் கீழே இறங்கியாக வேண்டும். டோக்கைமுராவில் அப்படித்தான் தொடர்வினை நின்றது. இறங்காவிட்டால் மாதிரியில் எதையோ விட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்தக் கூட்டு வேலை சிக்குவது ஒரே இடத்தில்: முதலாமவரின் எண்கள் வரும்வரை இரண்டாமவர் கை கட்டி உட்கார்ந்துவிடுகிறார். அவர் தோராயமான குணகங்களை வைத்து முதல் வாரத்திலிருந்தே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மான்டே கார்லோ மட்டும் போதும் என்பது ஒரே ஒரு நிலைமையில் சரி: கேள்வி தொட்டி வடிவமைப்பைப் பற்றியது என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால். "ஒல்லியான பாத்திரத்தில் ஊற்றியிருந்தால் கே எவ்வளவு?" என்பது முழுமையான, நேர்மையான ப்ராஜெக்ட்.

காலக்கணக்கு: நிறுவலும் கொடிவாவும் பொங்கல் விடுமுறைக்குள் முடியட்டும். பிப்ரவரி முழுக்க சிலீனுக்கு. டோக்கைமுரா மார்ச்சில். சித்திரைத் திருவிழாக் கூட்டம் தொடங்கும்போது ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போயிருக்க வேண்டும்.

நேரம் மிஞ்சுகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1984-ல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய பூர்ணிமா-2 ஆய்வு உலை, யுரேனியம்-233 கரைசலை வைத்து ஓடியது. கல்பாக்கத்தின் காமினி உலையும் யுரேனியம்-233-ஐத்தான் எரிக்கிறது. தோரியத்திலிருந்து கிடைக்கும் எரிபொருள் அது, நம் நாடு நீண்ட காலமாகக் குறிவைத்திருப்பது. அதன் தாமத நியூட்ரான் பங்கு சுமார் 0.27 சதவீதம்தான். உங்கள் நிரலில் அந்த எண்ணையும் ஆறு குழுக்களின் மதிப்புகளையும் மாற்றி, 0.4 சதவீத ரியாக்டிவிட்டியை இரண்டு எரிபொருளுக்கும் கொடுத்து ஓட்டுங்கள். யுரேனியம்-235-ல் அது விநாடிக் கணக்கில் ஏறும் கோடு. 233-ல் மில்லி விநாடித் துடிப்பு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, அதைக் கடைசி அத்தியாயமாக வையுங்கள்.